மஞ்சள் கோட்டின் வால்

என் காருக்கு இருபத்திரண்டு வயது. அது தெருவில் இறங்கினால் முனைவீட்டுத் தையற்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது உண்மை. யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு, "போதும்ப்பா, என்னை இறக்கி விடு" என்று சுத்தியலால் தட்டுகிற மாதிரி.

"பிரேக் போட்டா வண்டி இடப்பக்கமா ஓடுது. உங்களை மாதிரியே. சொல்றது ஒண்ணு, போறது ஒண்ணு" என்றாள் என் மனைவி.

அவளுடைய தம்பிக்கு ஒரு வொர்க்‌ஷாப் இருக்கிறது. பார்சல் ஆபீஸில் முப்பத்திநாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற நாளிலிருந்து, நான் தினமும் காலை பத்து மணிக்கு அங்கே ஆஜர். யாரும் கூப்பிட்டதில்லை. சுவரோரம் ஏதோ ஒரு காரிலிருந்து பிடுங்கிப் போட்ட சீட் கிடக்கும். அதில் சாய்ந்துகொண்டு தேநீர் குடித்தபடி இதுவரை பத்தாயிரம் ரிப்பேர்களை நான் மேற்பார்வை பார்த்திருக்கிறேன். மேற்பார்வை நடப்பது அங்கே வேலை செய்கிற யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

அங்கே ஐம்பது வயது மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'காது'. வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் எந்த மூலையில் எது வாயைத் திறக்கிறது என்று சொல்லிவிடுவார்.

என் காரிலும் ஏறி உட்கார்ந்தார்.

"சார், ரேடியோவை அணைச்சிடுங்க."

அணைத்தேன்.

"பேச்சையும்."

மூன்று முறை வேகத்தடையில் ஏறி இறங்கினோம். ஒருமுறை வேகமாகப் போய் பிரேக் பிடிக்கச் சொன்னார். கண்ணைத் திறக்காமலே, "முன்னாடி இடது பக்கம். கீழ்க்கையோட பின் புஷ். வலது பக்கமும் கிளம்பத் தயாரா இருக்கு, இன்னும் சத்தம் போடல" என்றார்.

லிஃப்டில் தூக்கிவிட்டு, நீளமான கம்பியை இடுக்கில் கொடுத்து நெம்பிக் காட்டினார். கீழ்க்கை என்பது சக்கரத்தை வண்டியோடு பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக் கை. அதன் மூட்டில் உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஒரு வளையம், நடுவில் இரண்டிலும் ஒட்டிய ரப்பர். அதுதான் புஷ். நெம்பினதும் ரப்பர் பிளந்து பல்லில்லாத வாய் மாதிரி திறந்தது. டயரின் உள்பக்கம் வழுக்கையாகத் தேய்ந்திருந்ததையும் தடவிக் காட்டினார்.

"இந்த மூட்டு ஆடினா சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும் சார். ரெண்டு பக்கமும் மாத்திடலாம்."

காதுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு போல்டைக் கடைசியாக இறுக்கி முடித்ததும் சின்ன புட்டியிலிருந்து மஞ்சள் பெயிண்ட் தொட்டு, போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மெல்லிசாக ஒரு கோடு இழுப்பார். போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். "மஞ்சக் கோடு இருந்தா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன் அத்தான்" என்பான் மைத்துனன். அந்த வொர்க்‌ஷாப்பில் அது சட்டம்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது வொர்க்‌ஷாப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. இடம் என் சகலையுடையது, அதாவது என் மனைவியின் அக்கா புருஷருடையது. நடத்தப்போவது காது. போர்டு எழுதுகிறவர் வந்து, "பேரு என்ன போடணும், காதா? படமா வரைஞ்சிடவா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். இருபத்தைந்து வருஷம் அடுத்தவன் லிஃப்டுக்கு அடியில் நின்ற மனிதர் அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டே வேலை செய்தார்.

புதிய புஷ்களைப் பிரஸ்ஸில் வைத்து ஏற்றி, கைகளைத் திரும்ப மாட்டி, நாலு போல்டையும் உள்ளே விட்டாயிற்று. கார் லிஃப்டில், சக்கரங்கள் அந்தரத்தில். அப்போது போன் வந்தது. பாலத்தின் நடுவில் ஒரு கார் நின்றுவிட்டது, உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண். காது இழுவை வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். மைத்துனன் ஏற்கனவே சாமான் வாங்கப் போயிருந்தான்.

நான் மட்டும் மேற்பார்வையில் இருந்தேன்.

எழுந்துபோய் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு நட்டைத் தொட்டேன். விரலில் சுழன்றது! இரண்டாவது, மூன்றாவது, நாலாவது... நாலும் லூஸ். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? முதல் சம்பளம் வாங்கினபோதுகூட அவ்வளவு வரவில்லை. ஊரே கொண்டாடுகிற காது மறந்துவிட்டார்! கண்டுபிடித்தது யார்? பார்சல் ஆபீஸ்!

பெரிய ஸ்பேனரை எடுத்தேன். போதாதென்று அதன் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகினேன். தொங்கித் தொங்கி இறுக்கினேன். பகலிலேயே நட்சத்திரம் தெரிந்தது. பிறகு மஞ்சள் புட்டியைத் திறந்து நாலு போல்டுக்கும் கோடு போட்டேன். பார்சலைச் சரிபார்த்ததும் நீலப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, முடிவில் எலி வால் மாதிரி ஒரு சுழி சுழிப்பது என் வழக்கம். முப்பத்திநாலு வருஷத்தில் கை அதற்கே பழகிவிட்டது. இங்கேயும் நாலு வால் விழுந்தது. அழகாகத்தான் இருந்தது.

காது வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். பின்னாலேயே இழுத்து வந்த கார். அவசரமாக டார்ச்சை மேலே அடித்தார். மஞ்சள் தெரிந்தது. கை ஒரு கணம் நின்றது. அரை மூச்சு நேரம்தான், ஆனால் நின்றதை நான் பார்த்தேன். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு லிஃப்டை இறக்கினார்.

நான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், பெருந்தன்மை. மனிதரின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு. இன்னொரு காரணமும் உண்டு: இப்படி ஒரு துருப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு நல்ல கூட்டத்தில் எடுத்து வீசினால் எவ்வளவு ருசியாக இருக்கும்!

இரண்டு மாதம் ஆனது. 'டொக்' திரும்பி வந்தது. இந்த முறை துணைக்கு இன்னொரு 'டொக்'கையும் அழைத்து வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் சாப்பாடு. பதினாறு பேர். காதுகள் பதினாறு ஜோடி இருந்தால் என் நாக்குக்கு என்ன ஆகும் என்று என் மனைவிக்குத் தெரியும். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை. ஸ்டியரிங் கையோடு வந்துவிட்டது என்றேன். இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தால் முன்சக்கரம் கழன்று வண்டியை முந்திக்கொண்டு போய், வீட்டு வாசலில் எங்களுக்காகக் காத்திருக்கும் என்றேன். பதினாறு பேரும் சிரித்தார்கள். சகலைக்குப் புரையேறியது. அந்தச் சிரிப்பு என்னைத் தூக்கிக்கொண்டு போனது.

"அதுவும் யார் மாத்தின புஷ்ஷு? காது! ரெண்டே மாசம்! அவர் கையிலதான் ரெண்டாவது கடையாம்!"

மைத்துனன் சாப்பிடுவதை நிறுத்தினான். சகலை தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"ஏம்ப்பா, நம்ம இடம். நாளைக்கு யாராவது அடிபட்டா நம்ம பேருதானே வரும்? கடை விஷயத்தைக் கொஞ்சம் யோசிக்கணும்" என்றார்.

யாருக்கும் நான் கெடுதல் நினைக்கவில்லை. கதை நன்றாக இருந்தது, சொன்னேன்.

திங்கட்கிழமை கார் மறுபடி லிஃப்டில் ஏறியது. கைகளைக் கழற்றிக் கீழே வைத்ததும் காது குந்தி உட்கார்ந்து ரப்பரை வெகுநேரம் பார்த்தார். பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு சுற்றிலும் கிழிந்திருந்தது.

"அந்தரத்துல தொங்கும்போதே இறுக்கியிருக்கு" என்றார்.

"அப்படின்னா?" என்றேன். அப்போதுகூட உற்சாகமாகத்தான் கேட்டேன்.

"சக்கரம் தொங்கும்போது கையும் கீழே தொங்கும் சார். அப்பவே போல்டை இறுக்கினா ரப்பர் அந்த நிலையில பூட்டிக்கும். வண்டியைத் தரையில இறக்கினதும் கை மேல வருது, ரப்பர் முறுக்கிக்குது. வண்டி சும்மா நின்னாக்கூட முறுக்கிக்கிட்டே நிக்கும். எப்படித் தாங்கும்? அதனாலதான் மேல விரலால மட்டும் மாட்டி விடறது. அப்புறம் ஆள் இறங்கி நிக்கற குழிமேல கொண்டுபோய், நாலு சக்கரத்துலயும் வண்டி நிக்கும்போது அடியிலேருந்து இறுக்கறது."

தேநீர் கிளாஸைத் தரையில் வைத்தேன்.

மைத்துனன் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, நீங்க எப்பவும் குழிமேலதானே இறுக்குவீங்க?"

"எப்பவும். இருபத்தஞ்சு வருஷமா." காது தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதையும் விரலால விட்டுட்டுப் போன மாதிரிதான் ஞாபகம். ஆனா திரும்பி வந்தா மஞ்சக் கோடு இருந்துச்சு. சரி, நாமதான் போட்டுட்டு மறந்துட்டோம்னு நினைச்சேன்." அந்தக் கையை மடியில் வைத்தார். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அம்பத்திரண்டு வயசுல. இப்ப அண்ணி பேரைக் கேட்டா யோசிக்கிறாரு."

வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாயைத் திறந்தேன்.

"புஷ்ஷே போலியா இருக்குமோ என்னவோ" என்றேன்.

"இல்ல சார். நல்ல ரப்பர்தான்" என்றார் அவர், என் மேல் பழி போடாத அதே மரியாதையோடு.

பழைய வண்டி, புதிய புஷ் வெளியூரிலிருந்து வர வேண்டும். கார் கையில்லாமல் லிஃப்டிலேயே நின்றது. நான் தினமும் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வருமோ என்ற பயம்தான். சுவரோர சீட்டில் ஆணி முளைத்திருந்தது. காது ஒவ்வொரு போல்டையும் மூன்று முறை தொட்டார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இறுக்கினதை எல்லாம் எழுதிவைத்தார். யார் வண்டியிலோ உட்கார்ந்து கண்ணை மூடியவர், மூடின வேகத்தில் திறந்து, "ஏதோ உரசுதே, உங்களுக்குக் கேக்குதா?" என்று வண்டிக்காரரைக் கேட்டார். காது, இன்னொருவரிடம், கேட்கிறதா என்று!

பதினோராவது நாள் மைத்துனனிடம் வந்து நின்றார்.

"அந்தக் கடையை வேற யாருக்காவது குடுத்துடுங்க தம்பி. நானும் இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்."

"என்னண்ணே பேசறீங்க? ஒரு புஷ்ஷுக்காகவா?"

"இன்னிக்கு புஷ்ஷு. நாளைக்கு யாரு வண்டியிலயாவது சக்கரம் கழண்டு, வண்டியை முந்திக்கிட்டுப் போச்சுன்னா?"

என் வாக்கியம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து கிளம்பி, யார் யார் வாய் வழியாகவோ நடந்து, அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. அவர் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பத்து நாளா வாயில ஒரு புளுகுகூட வரலையே. உடம்பு சரியில்லையா?"

சொன்னேன். லூஸ் நட்டு, குழாய், மஞ்சள் புட்டி, எல்லாம். வாழ்நாளில் முதல் முறையாக எதையும் கூட்டாமல் சொன்னேன்; ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவள் சிரிப்பாள், திட்டுவாள், எதற்கும் தயாராக இருந்தேன். அவள் எழுந்தாள்.

"செருப்பைப் போடுங்க."

வொர்க்‌ஷாப்பில் புது புஷ் வந்திருந்தது. காது பெட்டியைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மைத்துனனும் இருந்தான். அவர்கள் முன்னால் நின்று மறுபடி அனைத்தையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

மைத்துனன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்!

"அத்தான், இந்த மனசு யாருக்கு வரும்! அவரைக் காப்பாத்தணும்னு என்ன ஒரு கதை! குழாயைச் செருகினாராம், தொங்கினாராம்... உங்களுக்கு ஜாம் பாட்டில் மூடியே திறக்க வராதே!"

"கதை இல்ல மாப்ளே. சத்தியமா."

"போன தடவை பாலத்துல முதலை பாத்தேன்னும் இதே சத்தியம்தான் பண்ணீங்க."

காது என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "வேணாம் சார். என் தப்பை நீங்க ஏத்துக்காதீங்க. நீங்க நினைச்சதே போதும்."

என்னை யாராவது அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கூப்பின கையைத்தான் பார்க்க முடியவில்லை. எழுபது வருஷமாக நான் விட்ட சரடெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே ஒரு நிஜத்தைச் சொல்லப்போன என் வாயில் துணியை அடைத்துவிட்டன.

"கோடு எங்கே?" என்றாள் என் மனைவி.

"எந்தக் கோடு, அக்கா?"

"மஞ்சக் கோடு. போல்டு போனா போகுது, பக்கத்து இரும்புல பாதி இருக்கும்ல? துடை."

லிஃப்டுக்கு அடியில் போய் மைத்துனன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தான். இரண்டு மாதச் சேறு கரைந்து ஒழுகியது. காது டார்ச் அடித்தார். இரும்பின் மேல் தடித்த மஞ்சள் கோடு. அதன் முடிவில் எலி வால் சுழி. அடுத்ததைத் துடைத்தான், அதிலும் வால். நாலு இடத்திலும் நாலு வால்.

"வீட்டு மளிகை லிஸ்ட்டுல முப்பது வருஷமா இந்த வாலைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் என் மனைவி.

காதின் கோடு நூல் மாதிரி இருக்கும், ஸ்கேல் வைத்த மாதிரி. அது அவருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு இருந்த அவசரத்தில் மஞ்சளை மட்டும் பார்த்தார்; யாருடைய மஞ்சள் என்று பார்க்கத் தோன்றவில்லை. மறுபடி கழற்றினபோதோ சேறு மூடிக்கிடந்தது.

அவர் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப நான் இறுக்கல."

"இல்ல" என்றேன்.

"விரலால விட்டுட்டுத்தான் போனேன்."

"ஆமா."

"மறக்கல."

"ஒண்ணையும் மறக்கல."

கிரீஸ் கையோடு முகத்தை மூடிக்கொண்டார். எடுத்தபோது இரண்டு கன்னத்திலும் கறுப்பாகப் பத்து விரல் பதிந்திருந்தது. வேறு சமயமாக இருந்தால் அதை வைத்தே நான் ஒரு வாரம் கதை ஓட்டியிருப்பேன்.

"பதினோரு நாள் சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "தினமும் காலையில கண்ணு முழிச்சதும் பொண்டாட்டி பேரை ஒரு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேன். வருதான்னு."

நான் தரையைப் பார்த்தேன். எண்ணெய்க் கறை, ஒரு வாஷர், என் செருப்பு. மன்னிப்பு கேட்டேன் என்று நினைக்கிறேன்; சத்தமாகக் கேட்டேனா என்று தெரியாது. அவர் "சரி" என்றும் சொல்லவில்லை, "பரவாயில்லை" என்றும் சொல்லவில்லை. பெட்டியைப் பிரித்து வேலையைத் தொடங்கினார்.

அன்றைக்கே புஷ் ஏறியது. காரைக் குழிமேல் நிறுத்தி, காது உள்ளே இறங்கினார். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சார், டிரைவர் சீட்டுல உக்காருங்க. ஆள் பாரம் வேணும்."

உட்கார்ந்தேன்.

"பேசக் கூடாது."

அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லி நிற்கும் ஸ்பேனர் ஒன்று அவரிடம் உண்டு. ஒவ்வொரு 'டக்'கும் சீட் வழியாக என் முதுகெலும்பில் ஏறியது. நாலு போல்ட். நாலு முறையும் எனக்குக் காது மடல் சுட்டது. எழுபது கிலோ எடையுள்ள ஒரு மூட்டையாக, வாயே இல்லாத ஒரு பார்சலாக, அதுவரை அந்த வொர்க்‌ஷாப்புக்கு நான் பிரயோசனப்பட்டது அந்தப் பத்து நிமிஷம்தான்.

வெளியே மனைவி போனை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பதினாறு பேரில் எங்கள் மூவரைக் கழித்தால் பதின்மூன்று. ஒவ்வொருவராக நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தாள். ஒருவரும் நம்பவில்லை. "சும்மா இருங்க சகலை, உங்களுக்கு இளகின மனசு" என்றார் சகலை. கடைசியில் மைத்துனன் நாலு வாலையும் படம் பிடித்து அனுப்பினான். பிறகு சகலையே கூப்பிட்டார், என்னை அல்ல, காதை. கடை சாவியை எப்போது வந்து வாங்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். என்னிடம் பேச வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் சாப்பாட்டுக்கு அழைக்கவும் இல்லை.

சாயங்காலம் காது என் பக்கத்தில் உட்கார்ந்து வர, காரை வேகத்தடைக்கு ஓட்டிப் போனேன். ரேடியோவை அவர் சொல்லாமலே அணைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏறி இறங்கினோம். முன்பக்கம் சத்தமில்லை. இன்னொரு முறை. சத்தமில்லை. மூன்றாவது முறை இறங்கும்போது அவர் புருவம் சுருங்கியது. மறுபடி திறந்துவிடுவாரோ, "உங்களுக்குக் கேக்குதா" என்று கேட்டுவிடுவாரோ?

கண் திறக்கவில்லை.

"டிக்கியில குடை இருக்கு" என்றார். "பெரிய குடை. மரப் பிடி. ஸ்டெப்னி மேல குறுக்கால கிடக்கு."

வண்டியை ஓரம் கட்டி டிக்கியைத் திறந்தேன். குறுக்கேதான் கிடந்தது. மரப் பிடிதான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கிற தகுதி இருக்கிறதா என்று தெரியாமல் டிக்கிக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டு நின்றேன்.

முன் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"சார், அதை எதோடயும் சேத்து இறுக்கிடாதீங்க. சும்மா எடுத்து வெளிய வையுங்க, போதும்."